குண்டுச் சுவர்

எங்கள் அண்ணிக்குக் கட்டடங்களை அளப்பதுதான் தொழில். நாடா பிடித்து அளந்ததெல்லாம் முன்பு. இப்போது முக்காலியில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி அறை நடுவே நிறுத்திவிடுவாள். அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, லேசர் ஒளியை நாலாபுறமும் வீசி, ஒளி பட்ட இடத்தையெல்லாம் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். அறை அறையாக அந்தப் புள்ளிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கணினியில் ஒட்டுப்போட்டு, வரைபடமாக்கிக் கொடுப்பாள்.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வெளியே நின்றுகொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று துருவுவதுதான் ரெண்டு பேருக்கும் பிழைப்பு என்பதாலோ என்னவோ, எங்களுக்குள் நாத்தனார் சண்டை வந்ததே இல்லை. நான் ஓயாமல் கேள்வி கேட்பதால் அண்ணி எனக்குக் 'குருவி' என்று பெயர் வைத்திருந்தாள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். அவனுக்குக் கேள்வியெல்லாம் கிடையாது, ஹாரன்தான்.

அந்தச் சமயத்தில் அண்ணி கையில் இருந்தது மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டர். அதை உடற்பயிற்சிக் கூடமாக மாற்றப்போகிறார்கள். பெரிய ஹாலுக்குள் பாதி உயரத்தில் ஒரு மாடி போடவேண்டும். அந்த மாடியின் உத்திரங்கள், முன்பு திரை தொங்கிய, ஹாலின் கடைசிச் சுவரின்மேல் உட்காரும். இதற்கெல்லாம் அண்ணியின் வரைபடம் வேண்டும். வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, அண்ணிக்குப் போன் போட்டுவிடுவார்.

"என்னம்மா, படம் ரெடியா?"

"ஆயிட்டே இருக்கு சார்."

ஆகவில்லை. தியேட்டரின் புள்ளிகள் கோடிக்கணக்கில் இருந்தன. அண்ணியின் கணினி ஒரு அறையைத் திறந்தாலே மூச்சுவாங்கியது. ஹாலைத் திறந்தால் பின்னால் இருக்கும் சாமான் அறையை மூடவேண்டும். சாமான் அறையைத் திறந்தால் ஹாலை மூடவேண்டும். முழுக் கட்டடத்தையும் சேர்த்து ஒரு தடவைகூட அவள் பார்க்கவில்லை. கடைசியில் ரிப்பேர் கடையில் சொல்லிவைத்து, யாரோ பயன்படுத்திய பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவந்தாள். படம் வரைகிற பாரத்தைக் கணினியின் தலையிலிருந்து இறக்கி, தன் தலையில் ஏற்றிக்கொள்வதுதான் அந்தக் கார்டின் வேலை.

அண்ணியின் கணினியில் லினக்ஸ். "இதுல எது எப்படி நடக்குதுன்னு திறந்து பாக்கலாம். அதான் பிடிக்கும்" என்பாள். திறந்து பார்க்கும் நாள் அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது. கார்டைச் செருகியதும் கணினி எழுந்தது, ஆனால் பழையபடியே நொண்டியது.

"ஏன் அண்ணி? கார்டு கெட்டுப்போனதா?"

"இல்ல குருவி. கார்டுகிட்ட பேசறதுக்கு ஒரு டிரைவர் வேணும். லினக்ஸோட சேர்ந்து வர்ற டிரைவர் ஒண்ணு இருக்கு. அதுக்கு இந்தக் கார்டோட பாதி வித்தை தெரியாது. செஞ்ச கம்பெனி கொடுக்கற டிரைவரைத்தான் போடணும்."

சோபாவில் படுத்திருந்த அண்ணன் தலையைத் தூக்கினான். "டிரைவர் வேணும்னா வீட்டுலயே ஒருத்தன் இருக்கேனே. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்க லீவுல இருக்கீங்க. தூங்குங்க" என்றாள் அண்ணி.

புது டிரைவரை இறக்கினோம், நிறுவினோம், கணினியை அணைத்துப் போட்டோம். திரை கன்னங்கரேல் என்று வந்தது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் என் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அண்ணியோ நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரு விஷயம் புரியாமல் போனால் முகத்தில் பசி வந்துவிடும்.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். படம், பட்டன் எதுவும் இல்லாத வெறும் எழுத்துத் திரை வந்தது. "ஜன்னல் திறக்கலைன்னா கொல்லை வழியா போகணும்" என்றாள். உள்ளே நுழைந்து, கணினி எழும்போது எழுதிவைக்கும் பதிவைத் திறந்தாள். வரி வரியாக ஓடியது. பிழை என்று குறியிட்ட வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்கச் சொன்னாள். நான் என் போனில் அந்த வரிகளைத் தட்டித் தேடிப் படித்துச் சொன்னேன்.

"அண்ணி, கார்டை வேற யாரோ ஏற்கெனவே பிடிச்சு வச்சிருக்காங்கன்னு சொல்லுது."

"யாரு?"

"பழைய டிரைவர்தான். கணினி எழுந்திருக்கும்போதே ஓடிவந்து முதல்ல உக்காந்துடுது. புதுசு வந்து பாத்தா சீட் காலி இல்ல."

அண்ணன் இப்போது எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "ஒரு சீட்டுல ரெண்டு டிரைவரா? எங்க டிப்போவுல இப்படி நடந்தா முதல்ல ஒருத்தனை இறக்கிவிட்டுட்டுதான் மத்ததைப் பேசுவோம்."

"அதேதாங்க பண்ணப்போறேன்" என்றாள் அண்ணி.

பழைய டிரைவரின் பெயரை ஒரு சின்னக் கோப்பில் எழுதி, இதை ஏற்றாதே என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். கணினி முழுதாக எழுவதற்கு முன்பே பழையது உள்ளே வந்துவிடுவதால், எழும்பும்போது படிக்கிற தொகுப்பையும் புதிதாகக் கட்டச் சொன்னாள். மறுபடி அணைத்துப் போட்டோம். இந்தத் தடவை திரை வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக இருந்தது. பழைய டிரைவர் போய்விட்டது, புதியது வரவில்லை.

"இப்ப சீட் காலியாத்தானே இருக்கு? ஏன் உக்காரல?" என்றேன்.

மறுபடியும் பதிவுக்குள் போனோம். காரணம் வேறு. அண்ணியின் கணினியில் பாதுகாப்புக் காவல் ஒன்று போட்டிருந்தார்கள். கையெழுத்து இல்லாத எந்த டிரைவரையும் அது வாசலிலேயே நிறுத்திவிடும். நாமே ஒரு சாவி உருவாக்கி, அந்தச் சாவியால் டிரைவருக்குக் கையெழுத்துப் போட்டு, இந்தச் சாவி நம்முடையதுதான் என்று கணினியிடம் ஒரு தடவை ஒப்புக்கொடுக்கவேண்டும். ஒப்புக்கொடுக்கும் இடம் கணினி எழும்போது கொஞ்ச நேரம் மட்டும் வரும் ஒரு நீலத் திரை.

அந்த நீலத் திரை வருகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியில் துணி! மூன்று பேரும் ஓடினோம். கை நிறையத் துணியோடு திரும்பிவந்தால் நீலத் திரை வந்து, பார்த்து, ஆளில்லை என்று போய்விட்டிருந்தது.

"கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்றான் அண்ணன்.

அடுத்த தடவை துணி, மழை, அடுப்பு எதையும் பார்ப்பதில்லை என்று முடிவுகட்டி, நான் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். நீலம் வந்தது. அண்ணி கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கணினி ஒருமுறை அணைந்து எழுந்தது. திரை கழுவித் துடைத்த கண்ணாடிபோலப் பளிச்சென்று விரிந்தது. அண்ணி நேராகத் தியேட்டரைத் திறந்தாள். ஹால், பால்கனி, நடைபாதை, சாமான் அறை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்.

புள்ளிகள் மேகம்போல வந்து இறங்கி, ஒரு கட்டடமாக நின்றன. அண்ணி சுட்டியை அசைத்ததும் தியேட்டர் முழுவதும் உள்ளங்கையில் வைத்த பொம்மைபோலச் சுழன்றது. கிழிந்த இருக்கைகூடத் தெரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவள் கூரையை நீக்கிவிட்டு மேலிருந்து பார்த்தாள். லேசர் சுவரின் தோலைத்தான் பார்க்கும், உள்ளே புகாது. ஆகவே மேலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு சுவரும், ரெண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும்.

"அண்ணி, இந்தச் சுவர் மட்டும் ஏன் இவ்வளவு குண்டு?"

ஹாலுக்கும் சாமான் அறைக்கும் நடுவில், முன்பு திரை தொங்கிய சுவரின் பட்டை அது. மற்ற சுவர்களைப்போல மூன்று மடங்கு பருமன். அண்ணி அதன் அருகில் போய்ப் பார்த்தாள். படத்தை நகர்த்தினால் அந்த இடம் மினுமினுத்தது. ஒரு கணம் ஒல்லியாக, மறுகணம் குண்டாக.

"டிரைவர் சரியா உக்காரலை போல. படம் நடுங்குது பாரு. அது காட்டற கோளாறா இருக்கும்."

"இருக்கலாம். எங்க ஆஸ்பத்திரியில சில பேருக்கு நெஞ்சுல நிழல் விழும். பயந்துடாதீங்கன்னு சொல்லிட்டு, பின்னலைத் தூக்கிக் கட்டிக்கிட்டு வரச்சொல்லி இன்னொரு படம் எடுப்போம். நிழல் போயிடுச்சுன்னா அது முடி. போகலைன்னாத்தான் டாக்டரைக் கூப்பிடுவோம்."

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்ப பின்னலைத் தூக்கிக் கட்டிருவோம்."

முதலில் திரையில் ஜன்னல்கள் மங்கி விரிவது, நிழல் விழுவது போன்ற அலங்காரங்களையெல்லாம் நிறுத்தினாள். மினுமினுப்பு அந்த நிமிடமே நின்றது. அலங்காரமும் புது டிரைவரும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்திருக்கின்றன. ஆனால் சுவர் ஒல்லியாகவில்லை. நடுக்கம் இல்லாமல், அசையாமல், குண்டாகவே நின்றது.

அடுத்து, கார்டையே தொடாதே, நீயே வரை என்று கணினிக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்து மென்பொருளைத் திறந்தாள். மின்விசிறி புயல்போல இரைந்தது. தியேட்டர் ஆமை வேகத்தில், பிட்டுப் பிட்டாக வந்து சேர்ந்தது. புது டிரைவருக்கும் இந்தப் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதிலும் அதே குண்டு.

"டிரைவர் மேல தப்பு இல்ல" என்று அண்ணன் மிகுந்த திருப்தியோடு தீர்ப்புச் சொன்னான்.

"அப்ப தப்பு என் மேலதான் இருக்கணும்" என்றாள் அண்ணி. ஹாலையும் சாமான் அறையையும் அவள் தனித்தனியாக அளந்து, நடைபாதை வழியாக ஒட்டுப்போட்டிருந்தாள். ஒட்டு நகர்ந்திருந்தால் நடுவில் இல்லாத பருமன் வரும். அவள் முகம் வாடவில்லை. பசி இன்னும் கூடியிருந்தது. "நாளைக்கு நாடாவை எடுத்துக்கிட்டு நேர்லயே போறேன். வர்றியா?"

கேட்கவேண்டுமா? வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

கான்ட்ராக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். பெரிய தொப்பை, காதில் பென்சில். "என்னம்மா இது, லேசர் கிசர்னு சொல்லிட்டு இப்ப நாடாவோட வர்றீங்க?"

"ஒரு சந்தேகம் சார். தீர்த்துட்டுப் போயிடறேன்."

கட்டடத்தின் வெளிப்பக்க நீளத்தை நாடாவால் அளந்தோம். பிறகு உள்ளே ஹாலின் நீளம், சாமான் அறையின் நீளம். மொத்தத்திலிருந்து இவற்றையும், ரெண்டு ஓரச் சுவர்களையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நடுச்சுவர். அண்ணி போனில் கழித்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். கணினி காட்டிய அதே பருமன். அவள் போட்ட ஒட்டு சரியாகத்தான் இருந்தது.

"நிஜமாவே குண்டுதான்" என்றேன்.

கான்ட்ராக்டர் சிரித்தார். "அந்தக் காலத்துல கெட்டியா கட்டியிருக்காங்க. நல்லதுதானே? எவ்வளவு உத்திரம் வச்சாலும் தாங்கும். கெட்டிச் சுவர்னு போட்டுக் கொடுங்க, வேலையை ஆரம்பிக்கறேன்."

"மத்த சுவரையெல்லாம் சாதாரணமா கட்டிட்டு, இதை மட்டும் ஏன் சார் இவ்வளவு கெட்டியா கட்டணும்?"

"அது... கட்டினவங்களைத்தான் கேக்கணும்."

"சுவரையே கேப்போமே. ஒரு ஓட்டை போட்டுப் பாக்கலாமா? சின்னதா."

அவர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் விடமாட்டார்கள் என்று தெரிந்துபோயிருக்கவேண்டும். துளைபோடும் இயந்திரத்தை ஆளிடம் கொடுக்காமல் அவரே எடுத்துவந்து, ஹால் பக்கத்திலிருந்து மார்பு உயரத்தில் வைத்து அழுத்தினார். செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. ஒரு விரல் நீளம்கூடப் போயிருக்காது, இயந்திரம் சட்டென்று உள்ளே பாய்ந்தது. அவர் தடுமாறி, தொப்பை சுவரில் இடிக்க நின்றார்.

ஓட்டையிலிருந்து குளிர்ந்த, பூட்டிய பெட்டியின் வாடை வந்தது.

அண்ணி ஓட்டையைப் பெரிதாக்கச் சொல்லி, டார்ச்சை ஓரமாகப் பிடித்துக்கொண்டு கண்ணை வைத்தாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "குருவி, நீ பாரு" என்று மட்டும் சொன்னாள்.

நான் பார்த்தேன். உள்ளே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம் போல இடைவெளி. அதைத் தாண்டி இன்னொரு சுவர். சுத்த வெள்ளை. டார்ச்சை நகர்த்தினேன். வெள்ளை போய்க்கொண்டே இருந்தது. ஓரத்தில் கறுப்பாக, அகலமாக ஒரு பட்டை தீட்டியிருந்தார்கள். சட்டம்.

"அண்ணி! இது திரை! சுவத்துலயே பூசின திரை!"

கான்ட்ராக்டர் என்னைத் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பார்த்தது அந்த வெள்ளையை அல்ல, தன் கையில் ஒட்டியிருந்த செங்கல் தூளை.

"இவ்வளவுதானா இந்தச் சுவர்?" என்றார் மெதுவாக. "இது மேலயா உத்திரத்தை ஏத்த இருந்தேன்?"

"நான் ஒவ்வொரு அறையா பாத்து வரைஞ்சிருந்தா, கெட்டிச் சுவர்னுதான் போட்டுக் கொடுத்திருப்பேன் சார்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, சுருட்டிவைத்த நாடாவை மறுபடி இழுத்து, மறுபடி சுருட்டினாள். அவளைப் பக்கத்தில் இருந்த இருக்கையில் உட்காரவைத்தேன்.

அன்று மாலையே பொறியாளர் வந்தார். முன்சுவர் வெறும் மறைப்புதான், பின்சுவரோடு அதற்கு ஒரு பிடிப்பும் இல்லை என்று சொன்னார். உத்திரங்களை இரும்புத் தூண்கள்மேல் நிறுத்தும்படி திட்டத்தை மாற்றினார்கள். எதற்கும் உதவாத முன்சுவரைப் பிரித்து எடுத்துவிடுவது என்றும் முடிவாயிற்று. பிரித்த அன்று அண்ணனும் வந்தான். கடைசிச் செங்கல் வரிசையும் இறங்கி, தூசி அடங்கியதும் அந்தத் திரை முழுதாகத் தெரிந்தது. தட்டையாக இல்லை, லேசாக உட்பக்கம் குழிந்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் கையகலத்துக்கு வேறு வெள்ளையில் ஒட்டுப்பூச்சு.

"எதையோ விட்டெறிஞ்சிருக்காங்க" என்றான் அண்ணன். "படம் அவ்வளவு மோசம்."

"இல்ல, எந்த உயரத்துல இருக்கு பாருங்க. ஏணி சாத்தினப்ப பேர்ந்திருக்கும்" என்றாள் அண்ணி.

பின்சுவரில் ஈரம் கசிந்திருக்கும், அதனால் முன்னால் ஒரு சுவர் எழுப்பித் துணித்திரை கட்டியிருப்பார்கள் என்றார் பொறியாளர். கான்ட்ராக்டர் அருகில் போய் உள்ளங்கையை விரித்து, மாட்டைத் தடவுவதுபோல நெடுகத் தடவிப் பார்த்தார். வேலைக்கு வைத்திருந்த பெரிய விளக்கு அவருக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்ததால், அவருடைய நிழல் தொப்பையும் காதுப் பென்சிலுமாகக் கூரைவரை எழுந்து நின்றது. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் திரும்பவே இல்லை.

"ஈரமெல்லாம் இல்லம்மா" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "காய்ஞ்சு கெடக்கு. வேற என்னவோ காரணம். என்னவா இருக்கும்?"