எழுபத்திரண்டு கிலோ

ஒன்பது மணி ஆவதற்குள் நர்ஸ் கணினியில் ஒரே நோயாளியின் வரியை நான்கு முறை பார்த்துவிட்டாள். இதய நோய்ப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் நாற்பது பேர், தினமும் காலையில் எடை மெஷினில் ஏறி நின்றால் எண் தானாக அவள் கணினிக்கு வந்துவிடும். உடம்பில் நீர் கோத்தால் எடை ஏறும், ஏறினால் கட்டம் சிவக்கும். அவள் பார்த்த வரி ஒரு பஸ் டிரைவருடையது; அவர் கட்டம் ஒன்பது நாளாகப் பச்சை. எழுபத்திரண்டு, தப்பினால் நூறு கிராம் இப்படி அப்படி. ஆனால் அவர் மனைவி சற்று முன்பு போன் செய்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு நாளாக நாற்காலியில்தான் தூங்குகிறார் என்று சொல்லியிருந்தாள்.

நர்ஸ் டாக்டரிடம் ஓடினாள். அவர் முன்னால் ஐந்து சிவப்புகள் காத்துக் கிடந்தன. எடை ஏறலையே, மத்தியானம் பார்க்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த மெஷினை நம்பலாம் என்று வீடு வீடாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவளேதான். இருந்தும் அந்த வரியை இன்னொரு முறை பார்த்தாள். மனித உடம்பு ஒன்பது நாள் இப்படியா அடம்பிடித்து நிற்கும்?

வீடியோவில் கூப்பிட்டு, தினமும் செய்வது போலவே ஒருமுறை ஏறச் சொன்னாள். மனைவி போனை அலமாரியில் சாய்த்து வைத்தாள். டிரைவர் வந்தார். பேருந்தையே ஒற்றைக் கையால் திருப்பியவர், நான்கு அடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்றார். பாதங்கள் பொதபொதவென்று வீங்கியிருந்தன. மெஷினில் ஏறி, வழக்கம்போல மனைவியின் தோளில் கையை ஊன்றினார். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனாள். எழுபத்திரண்டு.

நர்ஸ் திரைக்கு அருகே குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஐயா, கைய எடுங்க."

"எடுத்தா விழுந்துடுவேம்மா."

"ஒரு நொடி போதும். அம்மா, நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க, தொடாதீங்க."

அவர் கையை எடுத்தார். எண் தடுமாறி ஏறி எழுபத்தாறரையில் நின்றது. கணினியில் கட்டம் சிவந்தது. முடியாமல் போகப்போக அவர் கை கூடுதலாக அழுத்தியிருக்கிறது. கூடிய எடையையெல்லாம் அந்த அம்மாள் தோளில் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

மனைவி எண்ணையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதானே சிஸ்டர் விழாம பிடிச்சுக்கச் சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். நர்ஸ் ஒரு கையால் ஆஸ்பத்திரி இன்டர்காமை எடுத்து ஆம்புலன்ஸைக் கேட்டாள், டாக்டரைக் கூப்பிட்டாள். அவரை உட்கார வையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போன் சரிந்து விழுந்தது.

இப்போது திரையில் கூரை மட்டும்தான். ஒரு மின்விசிறி நிதானமாகச் சுற்றியது. கீழே எங்கோ அவருடைய மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நர்ஸ் காதைத் திரையோடு ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.