சிரிப்பு இறங்கிய முகம்

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மேஜையைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அது குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "கண்டிப்பா ஆள் அனுப்புறேன் சார். நாளைக்குக் காலைல வந்துடுவாங்க." கத்தியவர் திரும்பி நடந்ததும் அந்தப் புன்னகை கடை ஷட்டர் மாதிரி சரேலென்று இறங்கியது. அதன் பின்னால் இருந்தது வேறு முகம். கன்னம் தொங்கி, கண் செத்து, யார்மேலும் அக்கறையில்லாத முகம். அடுத்தவர் வந்ததும் ஷட்டர் ஏறியது.

இரட்டை முகம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இவரைத்தான் என் தங்கை கட்டிக்கொள்ள விரும்புகிறாள். நாற்பதைத் தாண்டியவள், கணவனை இழந்தவள், ஒரு மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்ப்பவள். "நீ சரின்னு சொன்னாத்தான்ணா. இல்லன்னா வேணாம், விட்டுடலாம்" என்றாள். சொன்ன சொல் மாறமாட்டாள். அது எங்கள் ரத்தம். அதனால்தான் பாரம் முழுக்க என் தலையில் வந்து விழுந்தது.

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் பார்ப்பதில்லை. அழைத்தால் தலையை வாரி, முகத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு வருவான். அவன் வேலை செய்யும் இடத்துக்கு, அவனுக்குத் தெரியாமல், வீட்டின் மூத்தவர் போய்ப் பார்ப்பார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். யாரும் பார்க்காதபோதுதான் தெரியும் என்பது எங்கள் வீட்டுத் திருத்தம்.

என் முறை வந்தது. சும்மா நிற்க முடியாதே. "குழாய்ல தண்ணி கலங்கலா வருது" என்றேன். எப்போதிருந்து, என்ன நிறம், வாடை உண்டா என்று அவர் கேட்கக் கேட்க, பொய்யின் மேல் பொய்யை அடுக்க வேண்டியதாயிற்று. முகவரி கேட்டார். பொய் சொல்லிப் பழகாதவன் பொய் சொன்னால் இதுதான் வினை. வாய் தன்பாட்டுக்கு எங்கள் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டது. அவர் பேனா ஒரு கணம் நின்றது. புன்னகை மட்டும் அசையவில்லை.

"பாத்துடறோம் சார்."

சாயங்காலம் தங்கை வேலையிலிருந்து வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாளெல்லாம் வந்தவர் போனவருக்கெல்லாம் சிரித்த முகம். கன்னம் தொங்கியிருந்தது. கண் எங்கேயும் இல்லை. தினமும் இந்த நேரத்தில் அவளை இப்படித்தான் பார்க்கிறேன். இன்று பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போனியாண்ணா?"

"ம்."

"என்ன தோணுச்சு?"

வேண்டாம் என்ற சொல் காலையிலிருந்தே தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். வராமல் நின்றது. அழைப்பு மணி அடித்தது.

வாசலில் அவர், கையில் தண்ணீர் மாதிரி எடுக்க ஒரு காலி பாட்டில். சிரிப்பைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஆளுங்க நாளைக்குத்தான் வருவாங்க சார். அதுக்குள்ள அந்தத் தண்ணியைக் குடிச்சு யாருக்காவது உடம்புக்கு வந்துடக் கூடாதில்ல. வீட்டுக்குப் போற வழிதான்."

"நம்ம வீட்டுத் தண்ணி கலங்கலா? எனக்குத் தெரியாமயா?" என்றாள் தங்கை உள்ளேயிருந்து. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "இன்னிக்கு எத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கினீங்க?"

"வந்தவங்க எல்லார்கிட்டயும். உங்கண்ணன் மட்டும் திட்டல. முறைச்சதோட சரி."

சமையலறைக்குப் போய்க் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். நிதானமாகக் குடித்தார். கேலி இருக்கிறதா என்று தேடினேன். களைப்பு மட்டும்தான் இருந்தது.

"இப்ப நல்லாத்தான் இருக்கு சார். காலைல மட்டும் அப்படி வந்துச்சோ என்னவோ."

நான் தப்பிக்க அவரே ஒரு கதவைத் திறந்துவிட்டார். அதில் நுழையக் குனிய வேண்டும். முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"எப்பவுமே நல்லாத்தான் வருது" என்றேன்.

அவர் இன்னொரு தம்ளரில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் முகத்திலிருந்து யாரும் எதையும் படித்துவிட முடியாது என்பார்கள். தங்கை நாற்காலியிலிருந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்ளரை உயர்த்தி, அதன் பின்னால் நின்றுகொண்டு, மெல்ல மெல்லக் குடித்தேன்.