நூற்று முப்பத்தேழாம் வினா

கல்முனையில் அச்சான ‘விளையாட்டு வீரர்களும் பிரபலங்களும்: ஐந்நூறு வினா விடைகள்’ என்ற நூலில் நூற்று முப்பத்தேழாம் வினா, வாங்குகிறவரின் கைக்குப் போனதும் மாறிவிடும். மற்ற நானூற்றுத் தொண்ணூற்றொன்பதும் மாறுவதில்லை. நூலின் விலை முந்நூற்றைம்பது ரூபாய், பக்கம் தொண்ணூற்றாறு, அட்டை மஞ்சள் நிறம். தொகுத்தவர் கல்முனைக்குடி முஸ்பிறா. பட்டம் முடித்து ஆசிரியர் நியமனத்துக்காக ஆறு வருடம் காத்திருந்தவர் அவர். எட்டாம் வகுப்பிலிருந்தே தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பிகளில் வீரர்களின் விவரம் எழுதிச் சேர்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ரோமாபுரியில் வெறுங்காலோடு மரதன் ஓடி வென்றவர் யார், சிறுவயதில் காலில் இரும்புப் பட்டை பூட்டி நடந்தவள் எந்த ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் எடுத்தாள், சிட்னியில் கிடைத்த எந்த இலங்கைப் பெண்ணின் வெண்கலம் பல வருடம் கழித்து வெள்ளியானது என்பதெல்லாம் அவருக்கு அடுத்த வீட்டுச் செய்தி மாதிரி. கணவர் ஹாதிக் சந்தைக்குப் பின்னால் சிறிய அச்சகம் வைத்திருந்தார். பரீட்சை எழுதுகிறவர்களுக்கு உதவுமே என்று இரண்டு பேருமாக அறுநூறு பிரதி அடித்தார்கள். நூற்று முப்பத்தேழாவதாக முஸ்பிறா தட்டச்சு செய்தது, 1958ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் வென்றவர் யார் என்பது. விடை எதிர்வீரசிங்கம். இதில் பிழை எதுவும் இல்லை.

முதலில் வந்து முறையிட்டவர் நிந்தவூரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்த றிபாத். 2011இல் இரண்டு விளையாட்டுக் கழகங்களுக்கிடையே நடந்த கிரிக்கெட் இறுதிப் போட்டியில் கடைசிப் பந்துக்கு நான்கு அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர் அவர். கழகத்தின் சுவரில் அவருடைய படம் மாட்டியிருக்கிறது. அவர் மேசையில் விரித்துவைத்த பிரதியில், அந்தப் போட்டியில் பந்து துடுப்பில் பட்டுப் பிடிபட்டதை அறிந்தும் நடுவர் ‘ஆட்டமிழப்பு இல்லை’ என்றதால் வெளியேறாமல் நின்ற வீரர் யார் என்று இருந்தது. கீழே விடையும் இருந்தது: நிந்தவூர் றிபாத்.

“ஆரு ராத்தா இத ஒங்களுக்குச் சொன்ன?” என்று அவர் முஸ்பிறாவை அக்கா முறை வைத்துக் கேட்டார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது.

முஸ்பிறா மூலப்படியை எடுத்துப் பார்த்தார். உயரம் பாய்தல்தான் இருந்தது. ஹாதிக் அச்சுத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அதிலும் உயரம் பாய்தல். விற்காமல் இருந்த கட்டுகளிலிருந்து பத்துப் பிரதிகளை உருவிப் பார்த்தார்கள், பத்திலும் அதுவே. பிழையான பிரதிக்கு மாற்றுப் பிரதி கொடுப்பது அச்சக வழக்கம் என்பதால் ஒன்றைக் கொடுத்தார்கள். றிபாத் அதைக் கையில் வாங்கிப் பக்கத்தைப் புரட்டுவதற்குள் அதுவும் துடுப்பில் பட்ட பந்தாகிவிட்டது. அவர் கதிரையில் உட்கார்ந்தார். “பட்டதுதான் ராத்தா. எனக்குச் சத்தம் கேட்ட” என்றார். அவர் சொல்லி முடிக்கவும் எழுத்துகள் பழையபடி 1958க்குத் திரும்பின. றிபாத் இரண்டு பிரதிகளையும் கொண்டுபோனார். படத்தைக் கழற்றச் சொல்லி அவரே கழகத்திடம் கேட்டதாகவும், கழகத்தார் மறுத்துவிட்டதாகவும் பிறகு கேள்வி.

முஸ்பிறாவுக்குப் பயம் வரவில்லை. எப்படி, ஏன், எத்தனை பேருக்கு என்று அறியும் ஆவல்தான் வந்தது. வாங்கியவர்களின் பெயர்களைக் கடைக்காரர்களிடம் கேட்டெடுத்து, ஹாதிக்கின் மோட்டார் சைக்கிளில் ஏறி வீடுவீடாகப் போனார். பாண்டிருப்பில் யசோதினி என்ற தாதியின் பிரதியில், சுனாமியில் கடல் ஏறிய அன்று தென்னை மரத்தில் தொங்கியபடி யாரோ பெற்ற ஒரு கைக்குழந்தையின் சட்டையைப் பல்லால் கடித்து நான்கு மணித்தியாலம் பிடித்திருந்த பெண் யார் என்று இருந்தது. அன்னப்பிள்ளை என்பது விடை. அந்தப் பெண் யசோதினியின் சின்னம்மா. அன்றைக்கு இழந்த தன் பிள்ளையின் நினைவு வரும் என்பதால் அதை ஒருவரும் பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர். யசோதினி சின்னம்மாவிடம் போய் அனுமதி கேட்டு, அவர் ஓம் என்ற பிறகு தெருவுக்கே சொன்னாள். அவளுடைய பிரதியும் 1958க்குத் திரும்பியது. சிலர் சொல்லவில்லை. ஒருவர் அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சோற்றுப் பசை பூசி ஒட்டிவிட்டார். எழுபதுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போய்வந்த பிறகு முஸ்பிறா கண்டுபிடித்தது இவ்வளவுதான்: வாங்குகிறவர் அறிந்திருந்தும் ஊருக்குச் சொல்லாத ஒன்றையே நூல் கேட்கிறது. விடை ஒருபோதும் பொய்யாக இருப்பதில்லை. ஒருவரும் தங்கள் பிரதியைத் திருப்பித் தரவில்லை. சொல்லப்போனால் விற்பனை கூடியது.

இத்தனை நாளும் வாங்காமலிருந்தவர் முஸ்பிறாவின் வாப்பா அப்துல் கபூர்தான். நூல் தயாராகிக்கொண்டிருந்தபோதே மகளோடு அவருக்கு மனத்தாங்கல். 1984ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை நடந்த வீதியோட்டத்தில் தான் வென்றதை நூலில் சேர்க்கவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அந்த ஓட்டத்துக்கு முடிவு அறிவிக்கவேயில்லையே வாப்பா, அது பொது அறிவில் வராதே என்று முஸ்பிறா சொல்லிவிட்டார். எங்கேயோ வெறுங்காலோடு ஓடினவனுக்கு இடமிருக்கிறது, பெற்ற தகப்பனுக்கு இல்லை என்று வாப்பா உம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஓட்டத்தின் கதை இதுதான். எட்டுக் கிலோமீற்றர். நாற்பத்திரண்டு பேர் புறப்பட்டார்கள். சாய்ந்தமருதைத் தாண்டும்போது பத்துப் பேர் முன்னால் நின்றார்கள். காரைதீவைக் கடந்து இருபக்கமும் வயல் வந்தபோது இரண்டு பேர்தான். ஒருவர் கல்முனைக்குடி அப்துல் கபூர், மற்றவர் காரைதீவு கேதீஸ்வரன். இருவருக்கும் பதினெட்டு வயது, ஒரே பயிற்சியாளரிடம் பழகியவர்கள், ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை மற்றவர் அறிந்தவர்கள். முடிவில் குறுக்கே கட்டியிருந்த நூல் இரண்டு நெஞ்சிலும் பட்டு அறுந்தது. நடுவராக நின்ற சீனித்தம்பி மாஸ்டர் ஆலோசித்துச் சொல்கிறேன் என்றார். ஆலோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இடமாற்றம் வந்தது. அடுத்த வருடம் தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு சமூகத்துக்கும் இடையில் குழப்பம் வந்து வீதி மூடியது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் யார் ஓட்டத்தைப் பற்றிக் கேட்பது? மாஸ்டர் சொல்லாமலே காலமாகிப் போனார். கல்முனைக்குடிக்குக் கபூர் வென்றதாகவும் காரைதீவுக்குக் கேதீஸ்வரன் வென்றதாகவும் தீர்ந்தது. கேதீஸ்வரன் பிறகு பஸ் சாரதியானார். கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் இருபத்தேழு வருடம் ஓட்டினார். அப்துல் கபூர் வயலுக்குப் போகக் காத்துநிற்கையில் அந்த பஸ் வந்தால் கையைக் காட்டமாட்டார், அடுத்ததில் போவார். கேதீஸ்வரனும் அந்தத் தரிப்பிடத்தில் மட்டும் வேகத்தைக் குறைக்கமாட்டார்.

றபீஉல் அவ்வல் மாதத்து ஒரு வியாழக்கிழமை மாலை அசர்த் தொழுகைக்குப் பிறகு அப்துல் கபூர் தானே கடைக்குப் போய் ஒரு பிரதி வாங்கினார். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் படித்துவிட்டார். 1984ஆம் ஆண்டு கல்முனை நிந்தவூர் வீதியோட்டத்தில் முதலாவதாக முடிவு நூலைத் தொட்டவர் யார்? காரைதீவு கேதீஸ்வரன்.

அன்று இரவு மகளின் அடுப்படியிலிருந்து போன சாப்பாடு மூடியபடியே திரும்பி வந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. பத்தொன்பது நாள் அவர் கிணற்றடிக்கும் வரவில்லை. மகள் வேண்டுமென்றே எழுதிவிட்டாள் என்று உம்மாவிடம் சொன்னார். தான் எழுதவில்லை என்று முஸ்பிறாவால் சொல்ல முடியும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும். நூல் பொய் சொல்வதில்லை என்பதும், வாங்கியவர் அறிந்ததைத்தான் கேட்கும் என்பதும் அந்நேரம் கரையோரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. கல்யாண வீடுகளில், கடையடிகளில், நாற்பது வருடமாகத் தான் வென்றதாகச் சொன்ன மனிதர், வெல்லவில்லை என்பதை முழுக்க அறிந்தே சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் முஸ்பிறா சின்ன வயதில் ஓட்டக்காரர்களின் பெயர்களை எழுதிவைக்கத் தொடங்கினார். ஆனாலும் இன்னொரு கேள்வி அவரை விடவில்லை. காரைதீவில் இருக்கிற மனிதருக்கு நூல் என்ன சொல்லும்?

இருபதாம் நாள் ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனார். கேதீஸ்வரன் ஓய்வுபெற்று, வாசலில் கத்தரியும் மிளகாயும் நட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். யாருடைய மகள் என்று அறிந்ததும் குழாயைக் கீழே வைத்தார், நிறுத்த மறந்துவிட்டார். விலை கொடுத்த பிரதிக்கு மாற்றாக இல்லாமல் வெறும் இனாமாகக் கொடுத்தால் நூல் மாறாது என்பதை முஸ்பிறா முன்பே சோதித்திருந்தார். அதனால் விலைக்கே விற்றார். கேதீஸ்வரன் கண்ணாடியைப் போட்டுப் பக்கத்தைத் தேடினார். தேடியவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். பாத்திக்குள் தண்ணீர் நிறைந்து வாசற்படிவரை வந்தது.

“இத உங்கட வாப்பா சொல்லியனுப்பினவரா?” என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டிய முஸ்பிறா எட்டிப் பார்த்தார். அதே ஆண்டு, அதே ஓட்டம், அதே வினா. விடையில் கல்முனைக்குடி அப்துல் கபூர் என்று இருந்தது. பொய் சொல்லாத நூல் ஒரே வினாவுக்கு இரண்டு விடை சொல்லியிருந்தது.

அப்போதுதான் அவர் தன் வாப்பாவின் பிரதியில் இருப்பதைச் சொன்னார். கேதீஸ்வரன் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மனைவி எங்கே போறீங்க என்று கேட்டதற்கு, ஒரு வேலை கிடக்கு, முடிச்சிட்டு வாறன் என்றார். தான் இருபத்தேழு வருடம் ஓட்டிய வீதியில் முன் இருக்கையில் பயணியாக உட்கார்ந்து, நூலைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்தபடி கல்முனைக்குடிக்கு வந்தார். முஸ்பிறா பின் இருக்கையில்.

அப்துல் கபூர் கேற்றடியில் வெயிலில் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். வந்தவரைக் கண்டதும் காலை எடுக்காமல் நின்றார். நாற்பது வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் நின்ற இரண்டு பேரும் நலம் விசாரிக்கவில்லை.

“கபூர், அண்டைக்கு நீதான் முன்னுக்கு. நான் கண்ணால கண்டன்” என்றார் கேதீஸ்வரன்.

“விசர்க் கதை கதைக்காத. ஒண்ட நெஞ்சிதான் முதல்ல பட்ட. எனக்குத் தெரியாதா?”

“மாஸ்டர் சொல்லட்டும் எண்டு நிண்டன். அவர் சொல்லயில்ல. மறுகா எங்கட ஆக்கள் என்னத் தோள்ல தூக்கிட்டாங்க. எப்பிடி இறங்குற?”

“என்னயும்தான் தூக்கின” என்றார் அப்துல் கபூர். குரல் தணிந்துவிட்டது. “வாப்பா ஆட்டுக் கிடா அறுத்துச் சோறு குடுத்த. அந்தச் சோத்துக்கு முன்னால நான் என்னத்தச் சொல்ற?”

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருவரும் வாதாடினார்கள். வீதியில் போனவர்கள் இரண்டு ஊருக்கும் மறுபடி சண்டை என்று எண்ணி நின்றார்கள். கிட்டப் போய்க் கேட்டவர்கள், ஒவ்வொருவரும் மற்றவர்தான் வென்றார் என்று கத்துவதைக் கேட்டுக் கலைந்துபோனார்கள். முஸ்பிறா இரண்டு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அப்துல் கபூர் தன் பிரதியை உள்ளேயிருந்து எடுத்துவரச் சொன்னார், சாட்சிக்கு. இரண்டையும் விரித்துப் பார்த்தபோது இரண்டிலும் 1958ஆம் ஆண்டு உயரம் பாய்தல்தான் இருந்தது. சாட்சியில்லாமல் வழக்கு அங்கேயே நின்றது. கேதீஸ்வரன் போன பிறகு வாப்பா கிணற்றடிக்கு வந்து முகம் கழுவினார். மகளின் அடுப்படி வாசலில் நின்று, “மகள், சோத்தப் போடு” என்றார். முஸ்பிறா போட்டார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவும்போது வாப்பா, தன்னுடைய கதைகளில் மற்றதெல்லாம் உண்மைதான் என்று சொன்னார். மகள் நம்பினார்.

இரண்டாம் பதிப்பு அடுத்த வருடம் வந்தது. அதிலும் அந்த வினாவை முஸ்பிறா மாற்றவில்லை. நூல் இப்போது திருக்கோவில், அக்கரைப்பற்று, சம்மாந்துறை எங்கும் கிடைக்கிறது. கடைக்காரர்கள் விற்கும்போது, நூற்று முப்பத்தேழை வீட்டுக்குப் போய்ப் பாருங்கோ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். முஸ்பிறாவுக்கு நியமனமும் கிடைத்தது. பாடசாலையில் அவர் கற்பிப்பது புவியியல்.

ஓட்டத்தைத் தீர்க்க அப்துல் கபூரும் கேதீஸ்வரனும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஓடுகிற வயதில்லை, நடப்போம் என்றார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிய கல்முனையில் புறப்பட்டு நிந்தவூருக்கு நடப்பது ஏற்பாடு; மற்றவரை முன்னால் விட்டுத் தோற்பது என்பது இருவருடைய இரகசியத் திட்டமும். முதல் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலத்தில் போனார்கள், இருவரும் ஒன்றாக. இரண்டாவது கிழமை ஒருவருக்காக ஒருவர் அடியைக் குறைத்ததில் நண்பகல் ளுஹராகிவிட்டது. பிறகு அசர், பிறகு பொழுது சாயும் மஃரிப். ஆறு மாதத்தில் அவர்களுடைய நடை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தால் நிற்கிறார்கள், வேலை முடித்துத் திரும்பினால் இரண்டு மதகு தாண்டியிருக்கிறார்கள். பஸ் சாரதிகள் ஹோன் அடிக்காமல் விலக்கிப் போகிறார்கள். மாளிகைக்காட்டில் இரண்டு கதிரை போட்டிருக்கிறார்கள், காரைதீவில் இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்கள். இருவரும் வழிநெடுகக் கதைத்துக்கொண்டே போவதாகவும், கதை இன்னும் 1986க்கே வரவில்லை என்றும் வயலில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். போன கிழமை சனிக்கிழமை புறப்பட்டவர்கள் நிந்தவூர் எல்லையை மிதித்தபோது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. இரண்டு வலது கால்களும் ஒரே நேரத்தில் பட்டன.