வெள்ளக் கோடுகள்

வளைகுடா நாட்டின் அப்பாசியா பகுதியில், தன் ஃப்ளாட்டில் சுசீலா மதியச் சமையலை முடித்த நேரம், இங்கிலாந்தில் படிக்கும் மகள் மஹதி வீடியோவில் கூப்பிட்டாள். ஒரு சின்ன ஆற்றை ஊற்றிலிருந்து கடல்வரை நடந்து, கரையிலுள்ள பழைய பாலங்களையும் மாவு மில்களையும் படமெடுப்பது அவளுடைய கல்லூரி வேலை.

"இதுதாம்மா அந்த மில். முந்நூறு வருஷம் பழசு!"

சுசீலா பார்த்தது ஆற்றைத்தான். மழையில் கலங்கலாகப் பொங்கி, மில்லின் முற்றம்வரை வந்திருந்தது.

"தண்ணி ஏறுதேடி! கிளம்பு."

"அஞ்சே நிமிஷம்மா. பாலத்தைத் தாண்டினா பஸ் ஸ்டாப்."

மகளுக்குப் பின்னால் சுவரில் கோடுகள் செதுக்கியிருந்தன.

"அது என்ன கோடு?"

"வெள்ளம் வந்த மட்டம்மா. வந்தப்பல்லாம் ஒரு கோடு போட்டு வருஷத்தை எழுதியிருக்காங்க."

"உன் தலைக்கு மேலயும் கோடு இருக்கு. பாலத்துப் பக்கம் போகாத, மேட்டுல ஏறு!"

மஹதி திரும்பிப் பார்த்தாள். அடுத்த கணம் திரை இருண்டது.

சுசீலா திரும்பத் திரும்ப அழைத்தாள், ரிங் போகவேயில்லை. கணவர் சேதுமாதவனுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் டியூட்டியைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். இருவரும் ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, மேட்டுல சர்ச்சுல இருக்கேன். ஓடும்போது ஃபோன் தண்ணில விழுந்துடுச்சு. பாலம் முழுகிடுச்சும்மா."

திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் சுசீலாவுக்கு மறந்துபோயிற்று.

"ஈரத்துணியை மாத்தினியா?" என்று மட்டும் கேட்டாள்.