மாற்றுச் சட்டை

கைடு பெண் சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் மேல பாருங்க" என்றாள். எல்லாரும் என்றால் நானும் என் வீட்டுக்காரரும்தான். தனிக் கார், காரை ஓட்டுவதும் அவளே. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரின் முக்கியமான இடங்களையெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சுற்றிக் காட்டுவாள். அவர் மேலே பார்த்தார். மணிக்கூண்டு இருந்தது. நான் கீழே பார்த்தேன். மனிதர்கள் கீழேதான் இருந்தார்கள்.

என் மகன் இந்த ஊரில் இருக்கிறான். எங்கே என்று தெரியாது. பல மாதங்களாக அவன் போன் செத்துக் கிடக்கிறது. வேலை பார்ப்பதாகச் சொன்ன கம்பெனியின் பெயரில் இங்கே ஒரு பெட்டிக்கடைகூட இல்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. போலீஸ் ஸ்டேஷனில், "வயசு வந்த பையன்தானே, வருவான் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது அவன் அனுப்பிய படங்கள். மணிக்கூண்டு முன்னால் ஒன்று, அரண்மனை வாசலில் ஒன்று, பழைய பாலத்தில் ஒன்று என்று அவ்வப்போது வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரே வாக்கியம்: "நல்லா இருக்கேம்மா."

லீவு நாளில் இந்த இடங்களுக்குத்தானே போகிறான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாமும் அங்கெல்லாம் போய் நின்றால் எங்காவது ஒரு இடத்தில் கண்ணில் படமாட்டானா? இதுதான் என் யோசனை. பைத்தியக்கார யோசனைதான். ஆனால் நாளைக் காலையில் எங்களுக்கு ரயில், அதற்குள் வேறு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கைடிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். "நம்ம வீட்டுச் சங்கதிய அடுத்தவங்ககிட்ட எதுக்கு விரிக்கணும்?" அவருக்கு இஸ்திரிக் கடை. ஊர்த் துணியையெல்லாம் மடித்து மடித்து வாயையும் மடித்து வைத்துக்கொண்ட மனுஷன். நான் அப்படியில்லை. மகன் அனுப்பிய படங்களைப் பெரிதாகப் போட்டுக் கடைச் சுவரில் மாட்டி, சட்டை கொடுக்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துக் காட்டியவள்.

"அம்மா, மணிக்கூண்டு மேல இருக்கு. நீங்க செருப்புக் கடையையே பாத்துட்டு இருக்கீங்க" என்றாள் கைடு.

"கழுத்து வலிம்மா" என்றேன்.

அரண்மனை வாசலில் ஒரு கல் இருந்தது. நடுவில் குழிந்து தேய்ந்த கல். "இதுமேல ஏறுங்க. இங்க நின்னாத்தான் கொடி, கதவு, உங்க முகம் மூணும் படத்துல விழும். இந்த ஊர்க் கைடுங்க எல்லாரும் இந்தக் கல்லுலதான் ஆளை நிறுத்துவோம்" என்றாள். ஏறி நின்றேன். கொடி இந்தப் பக்கம், கதவு அந்தப் பக்கம். மகன் படத்திலும் அப்படியே. என் பிள்ளை நின்ற கல்லில் நான் நிற்கிறேன் என்று நினைத்ததும் உள்ளங்காலில் சூடு ஏறியது. அவரைக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குப் படம்" என்று நகர்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது தவிப்பு இருக்கிறதா? பெற்றவள் ஒருத்தி ஒவ்வொரு முகமாகக் கண்ணால் தடவிக்கொண்டிருக்கிறாள், இவர் வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி கொடியைப் பார்க்கிறார்.

மத்தியானம் ஆகிவிட்டது. மீசை வைத்த பையன்கள், கண்ணாடி போட்ட பையன்கள், என் பையனைப் போல நடந்து, திரும்பியதும் வேறு யாரோ ஆகிவிட்ட பையன்கள். எத்தனை முறை நெஞ்சு எகிறும், எத்தனை முறை விழும்? பாலத்துக்குப் போகும் வழியில் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்ததைக் கைடு கண்ணாடியில் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. பாவம், நல்ல பெண். எங்களைச் சிரிக்கவைக்க நினைத்தாள்.

"ஒரு கதை சொல்றேம்மா. என் வண்டில வர்றவங்க எல்லாரும் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நிஜமா நடந்தது. ஒருநாள் ஒருத்தர் வந்தார். தனியா. தோள்ல ஒரு பெரிய பை. என்னடா, சாமான் செட்டோட குடித்தனம் வந்துட்டாரான்னு பாத்தேன். மணிக்கூண்டுல ஒரு போட்டோ எடுத்தேன். உடனே 'ஒரு நிமிஷங்க'ன்னு கழிப்பறைக்கு ஓடினார். வந்தா வேற சட்டை! அரண்மனைல ஒரு போட்டோ. மறுபடி ஓட்டம், மறுபடி வேற சட்டை! பாலத்துல அவசரத்துல பொம்பளைங்க கழிப்பறைக்குள்ள போயிட்டார். துடைக்கிற அம்மா துடைப்பத்தைத் தூக்கிட்டுத் துரத்த, இவர் ஒரு கை உள்ள, ஒரு கை வெளிய, சட்டை கொடி மாதிரி பறக்க ஓடி வர்றார்!"

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு குலுங்கச் சிரித்தேன். அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் வழி தவறிச் சிரிப்பாக வந்ததோ என்னவோ. என் சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

"என்னங்க இது மாப்பிள்ளை ஊர்வலமான்னு கேட்டேன். ஒரே நாள்ல எத்தனை சட்டை தெரியுமாம்மா? நீலம், பச்சைக் கட்டம், வெள்ளைல கோடு, கடைசியா படகுத்துறைல மஞ்சள்…"

மஞ்சள் என்றதும் என் சிரிப்பு நின்றது. படகுத்துறையில் மஞ்சள். பாலத்தில் வெள்ளையில் கோடு. அரண்மனையில் பச்சைக் கட்டம். மணிக்கூண்டில் நீலம். என் கடைச் சுவரில் அந்த வரிசையில்தான் மாட்டியிருக்கிறேன்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். என் காதில் எதுவும் ஏறவில்லை. பெரிய வேலையில் இருக்கிறான், மாதாமாதம் ஊர் சுற்றுகிறான் என்று நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்ட அத்தனையும் ஒரே ஒரு நாள். ஒரு நாளை நறுக்கி நறுக்கி எனக்கு ஊட்டியிருக்கிறான். இது அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் தாங்கமாட்டார் என்று நினைத்து மெதுவாக அவர் பக்கம் திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. அதிரவும் இல்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கிசுகிசுத்தேன்.

"ம்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது படம் வந்தப்பவே. தோள் தையல் கைல இறங்கிக் கிடந்துது. அது அடுத்தவன் சட்டை. மூணாவதுலயும் அப்படித்தான். எல்லாத்துலயும் ஒரே மாதிரி பைக்குள்ள திணிச்ச மடிப்பு. மஞ்சள் ஒண்ணுதான் அவனோடது. நீ எடுத்துக் குடுத்தது."

"ஏன் எங்கிட்ட சொல்லல? பாவி மனுஷா, இன்னிக்குக் காலைலேர்ந்து நான் நாய் மாதிரி அலையறேனே!"

"நீ தினம் கடைக்கு வந்து அந்தப் படத்தத் துடைப்ப. துடைச்சுட்டுத்தான் சாப்பிடப் போவ. நான் எந்த வாயால சொல்ல?"

அவர் குரல் உடைந்ததை நான் கேட்டது என் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தவிப்பு இல்லாத மனுஷன் என்று நினைத்தேனே. எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

கார் பாலத்தருகே நின்றது. கைடு குடையை எடுத்தாள். நான் போனை நீட்டினேன். "இதப் பாரும்மா."

வாங்கிப் பார்த்தாள். ஒரு படம், இரண்டாவது படம்.

"இது… நான் எடுத்தது."

"எம் பையன்."

குடையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அம்மா, நான் போய் உங்ககிட்டயே…"

"அழாத. அழ நேரமில்ல. அவனக் கடைசியாப் பாத்த ஆளு எங்களுக்கு நீ ஒருத்திதான். எங்க இருக்கேன்னு சொன்னானா? என்ன வேலைன்னு சொன்னானா? யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். அப்போதுதான் அந்தக் கொடுமை தெரிந்தது. அந்தக் கதையை வண்டியில் ஏறிய எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சிரிப்புக்காக ஒரு பிடி உப்பு, ஒரு பிடி காரம். இப்போது எது அவன், எது மசாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"துடைப்பத்தால அடிச்சாங்களா அவன?"

"இல்லம்மா. அது நான் சேர்த்தது."

"பெரிய பைன்னியே?"

"பை நிஜம். பெரிசான்னு… சின்னப் பைதான்னு நினைக்கிறேன்."

"மத்தியானம் சாப்பிட்டானா?"

"கதைல, ஒரு சட்டைல குழம்பு சிந்திருச்சுன்னு சொல்லுவேன். அது வேற யாரோ. அவரு சாப்பிட்டாரான்னு… ஞாபகம் இல்லம்மா. என்ன மன்னிச்சிருங்க."

என் பிள்ளையின் ஒரு நாள் இவள் தலைக்குள் இருக்கிறது. அதை என்னால் எடுக்க முடியவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பாலத்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும். வீட்டுக்காரர் என் கையை விலக்கிவிட்டு அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இங்க பாரும்மா. சிரிப்பு வராததால கதையில சேர்க்காம விட்டது ஏதாவது இருக்குமில்ல? அதச் சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சட்டைங்கள மடிச்சார்" என்றாள். "கார்ல, பின் சீட்டுல. சாயங்காலம். ஒவ்வொண்ணா முழங்கால்ல வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு மடிச்சார். அழுக்காகாமத் திருப்பிக் குடுக்கணும்னார். அப்புறம், ஹோட்டல் எதுன்னு கேட்டேன். ஹோட்டல் இல்ல, ஏத்திக்கிட்ட இடத்துலயே இறக்கிவிடுங்கன்னார். தானியக் கிடங்குக்குப் பின்னால ஒரு இரும்புக் கேட். கட்டட வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற லாரி அங்கதான் நிக்கும்."

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழங்காலில் வைத்துத் தேய்த்து மடிப்பது அவர் மடிக்கிற விதம்.

"அங்க போலாம்" என்றேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா…" என்று ஆரம்பித்தவள், "அவங்களுக்கு ஏது ஞாயிறு" என்று தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

கேட் இருந்தது. சுவரோரம் சிமெண்ட் மூட்டைச் சாக்குகள், ஒரு குழாய், குழாயடியில் சோப்புத் துண்டுகள். காத்திருந்தோம். வெயில் இறங்கியபோது லாரி வந்தது. முகம், தலை, புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு ஆட்கள் குதித்தார்கள். எல்லோரும் ஒரே நிறம். நான் ஒவ்வொரு முகமாக ஓடினேன். இவன் இல்லை. இவன் இல்லை. லாரி காலியாகிவிட்டது.

குழாயில் குளித்துவிட்டு ஒருத்தன் பையிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினான். பச்சைக் கட்டம்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். நேரே போய் அவன் தோள் தையலில் கைவைத்தார். "இது உன் சட்டைதானே தம்பி?"

அவன் திருதிருவென்று விழித்தான். பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். "அவன் அம்மாவா நீங்க?" என்றான். "அதே கண்ணு."

அவன் சொன்னதை நின்றுகொண்டு கேட்க என்னால் முடியவில்லை. மூட்டைச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸ் வேலை என்று சொல்லி ஏஜென்ட் இங்கே கொண்டுவந்து தள்ளியிருக்கிறான். அறையிலிருந்தவர்கள் ஆளுக்கொரு சட்டை கொடுத்து ஒருநாள் அனுப்பிவைத்திருக்கிறார்கள். "வீட்டுக்கு அனுப்ப வச்சிருந்த படம் தீர்ந்துபோச்சும்மா. மறுபடி ஒருநாள் போய் எடுத்துட்டு வந்துடறேன்னான். அதுக்குள்ள சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். கால் முறிஞ்சுபோச்சு. காண்ட்ராக்டர் கைகழுவிட்டான். இப்ப வேற ஊர்ல, எங்க ஆளு ஒருத்தர்கூட இருக்கான். உக்காந்து பாக்கற காவல் வேலை. உயிரோட இருக்கான்மா, சத்தியமா இருக்கான். வீட்டுக்கு மட்டும் நம்பர் குடுக்காதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

"எந்த ஊரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவன் காலில் விழப் போனேன். பதறிப் பின்னால் போனான். "வேணாம்மா! சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேனே!"

வீட்டுக்காரர் கைடிடம் திரும்பி, "எங்கள ஒரு படம் எடும்மா" என்றார். காலையிலிருந்து படம் என்றாலே ஓடியவர். என்னை எழுப்பி அந்த இரும்புக் கேட்டின் முன்னால், லாரியும் குழாயும் தெரிகிற மாதிரி நிறுத்தி, என் பக்கத்தில் நின்றார்.

கைடு அந்தப் பச்சைச் சட்டைத் தம்பியின் போனை வாங்கித் தூக்கினாள். பழக்கதோஷம், "கொஞ்சம் சிரி…" என்று ஆரம்பித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வேணாம்" என்றேன். "முகம் எப்படி இருக்கோ அப்படியே எடு."

எடுத்தாள். "இத மட்டும் அவனுக்கு அனுப்பு தம்பி" என்றார் வீட்டுக்காரர். "நம்பர் குடுக்கலியே நீ. படம்தானே அனுப்பற?"

அவன் அனுப்பினான். நாலு பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்து நின்றோம். பார்த்துவிட்டான் என்று காட்டியது. எழுதுகிறான் என்று காட்டியது. நின்றுபோனது. மறுபடி எழுதினான். மறுபடி நின்றான். அழித்து அழித்து எழுதுகிறான் என் பிள்ளை. இப்போதும் ஏதாவது சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கப் போகிறானோ என்று பயந்தேன்.

வந்தது. என் கண்ணுக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. வீட்டுக்காரர்தான் படித்தார்.

"நல்லா இல்லம்மா."

"அப்பாடா" என்றேன்.