இயந்திரத்துக்கு முன்னால் பாடியவள்

மான்செஸ்டரில் அந்தக் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. ஆள் உயர இரும்பு அலமாரிகள் பன்னிரண்டு, உள்ளே பல்பு மாதிரி ஒளிரும் மூவாயிரம் வால்வுகள். இவ்வளவு பெரிய உடம்புக்கு வாய் என்று பார்த்தால், மேசை ஓரத்தில் பதித்த சின்ன ஸ்பீக்கர் ஒன்றுதான். கணக்கு ஓட ஓட அது கீச்சென்றும் கொர்ரென்றும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். மேலாளர் ஆக்டனுக்கு அது தலைவலி. கம்ப்யூட்டரை இயக்கும் மேவிஸ் என்ட்விஸ்லுக்கு அந்தச் சத்தம்தான் உயிர்.

மேவிஸ் ஓல்டம் ஊரின் தறிக்கூடத்தில் ஆறு வருஷம் நின்றவள். முந்நூறு தறிகள் ஒன்றாக இரையும் கூடத்தில், தன் தறிகளில் எது மக்கர் பண்ணப் போகிறது என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள். அந்தக் காதோடுதான் இங்கே வந்தாள். மூன்று மாதம் சோதனைக் காலம். 1957 மே மாதத்து அந்த வெள்ளிக்கிழமை அதன் கடைசி நாள். சாயங்காலம் ஆக்டன் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி தறி, மறுபடி பஞ்சுத்தூசி. அவளுக்குத் தறிமேல் கோபமில்லை. திரும்பிப் போகத் துளிகூட ஆசையும் இல்லை.

காலையிலேயே ஆக்டன் இரண்டு உத்தரவு போட்டார்.

"தண்ணி வாரியத்துல இருந்து இன்ஜினியர் பெம்பர்டன் வர்றார். பெரிய மனுஷன். அவர் இருக்கிற வரைக்கும் அந்தக் கீச்சுக்கீச்சு வாயை மூடி வை. அப்புறம், அவர் சொல்லாம நிறுத்துற சுவிட்ச்ல உன் விரல் படக் கூடாது. பட்டுச்சுன்னா கையெழுத்து கிடையாது, ஆமா."

"சரி சார். ஆனா ஸ்பீக்கர் இல்லாட்டி ஓடுதா நிக்குதான்னே..."

"முன்னாடி விளக்கு எரியுதுல்ல? அதைப் பாரு."

விளக்கு எரியும்தான். ஓடினாலும் எரியும், உளறினாலும் எரியும்.

பெம்பர்டன் வந்தார். மலையில் கட்டப்போகும் அணையின் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கைக் காகித நாடாவில் அவரே துளை போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு ஒதுக்கிய நேரம் பத்திலிருந்து பதினொன்று வரை. அதை விட்டால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். மேவிஸ் நாடாவை ஏற்றினாள், ஸ்பீக்கர் குமிழைத் திருகி மூடினாள். விளக்கெல்லாம் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. இரண்டு பெரிய மனிதர்களும் கைகட்டி நின்று ரசித்தார்கள்.

பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கண்ணைக் கட்டிவிட்டுச் சமைக்கச் சொன்னது போல இருந்தது. அதற்குமேல் பொறுக்காமல் குமிழைத் திறந்தாள்.

கீ, கீ, கொர்ர், ட்ரூ. மறுபடியும் கீ, கீ, கொர்ர், ட்ரூ. நாலு சுற்று கேட்டாள். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"சார், இது மாட்டிக்கிச்சு. நின்ன இடத்துலயே சுத்துது."

பெம்பர்டன் புருவத்தைத் தூக்கினார். "சுத்துறதுதாம்மா இந்தக் கணக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் விடை கொஞ்சம் கொஞ்சமா நெருங்கி வரும். நீ என்ன, கணக்குல பட்டம் வாங்கினவளா?"

"இல்ல சார், தறி ஓட்டினவ. நெருங்குதுன்னா சுத்து குறுகிக்கிட்டே வரணும், பாட்டு மாறணும். இது மாறவே இல்லையே."

"பாட்டாம்ல, பாட்டு!" பெம்பர்டன் சிரித்தார். ஆக்டனின் முகம் சிவந்துவிட்டது.

"மேவிஸ், குமிழை மூடு."

மூடியிருந்தால் கையெழுத்து பத்திரம். மேவிஸுக்கும் அது தெரியும். ஆனால் காதால் கேட்டதைக் கேட்கவில்லை என்று நடிக்க அவளுக்கு வராது. பயத்தைவிடக் கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. கடிகாரம் பத்து இருபதைத் தாண்டியிருந்தது. நிறுத்தும் சுவிட்சின் பக்கமே அவள் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அடுத்து வர்றதை நான் முந்திப் பாடுறேன், கேட்டுக்கோங்க."

"கீ, கீ" என்றாள். இயந்திரமும் கீ, கீ என்றது. "கொர்ர்" என்றாள். கொர்ர் என்றது. "ட்ரூ" என்று அவள் இழுக்க, மூவாயிரம் வால்வும் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகளைப் போல அவளுக்குப் பின்னாலேயே இழுத்தன. இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஒரு தடவைகூட அவள் சறுக்கவில்லை. நாலாவது சுற்றில் பெம்பர்டன் தன்னை அறியாமல் கூடவே முணுமுணுத்தார். ட்ரூ என்று சரியான இடத்தில் முடித்தும்விட்டார். அவர் சிரிப்பு அத்தோடு போயிற்று.

"நிறுத்தும்மா," என்றார் மெல்ல.

அப்போதுதான் மேவிஸ் சுவிட்சைத் தொட்டாள்.

பெம்பர்டன் நாடாவை மேசையில் விரித்து, துளை துளையாக விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "ஒரு துளை விட்டுப்போச்சு. அதனால கண்டுபிடிச்ச விடையை மெஷின் அடுத்த சுத்துக்கு எடுத்து வைக்கவே இல்ல. ஒவ்வொரு தடவையும் முதல் எண்ணுல இருந்தே ஆரம்பிக்குது. என் தப்புதான்."

மேவிஸ் கைத்துளைப்பானால் அந்தத் துளையைப் போட்டு நாடாவை மறுபடி ஏற்றினாள். பத்து முப்பத்திரண்டு. கீ, கீ, கொர்ர் என்று தொடங்கிய சத்தம் அடுத்த சுற்றில் கொஞ்சம் குறுகியது. அதற்கடுத்ததில் சுருதி ஏறி வேறெங்கோ போயிற்று. குமிழை மூடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆக்டன் தொண்டையைக் கனைத்தார். "எங்க, இதையும் முந்திப் பாடு பாப்போம்."

"இதை என்னால பாட முடியாது சார். இப்பதானே கணக்குப் போடுது."

பத்து ஐம்பத்திரண்டுக்கு விடை அச்சாகி வந்தது. பெம்பர்டன் அதைப் படித்து முடிப்பதற்குள் ஆக்டன் கோட்டுப் பையில் பேனாவைத் தேட ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் வரை அவர் காத்திருக்கவில்லை.