எங்க ஃபேஸ் மட்டும் போச்சு

கள்ளிக்குப்பத்தில் லட்சுமணன் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் எதிலாவது முட்டிக்கொள்வார்கள். அவ்வளவு வெளிச்சம். மனிதர் கஞ்சர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம் வந்த அன்றே பாலுக்கு, கேஸுக்கு, கரன்ட்டுக்கு என்று தனித்தனி கவரில் ரொக்கம் போட்டு வைத்துவிடுவார். நெட் படுத்துக்கொண்டு ஊரே கடைவாசலில் போனை ஆட்டிக்கொண்டு நிற்கும்போது, அவர் மட்டும் ஜம்மென்று கவரைப் பிரித்துக் காசு கொடுப்பார். புயல் எச்சரிக்கை வந்தால் தண்ணீர், மெழுகுவத்தி, பிஸ்கட் எல்லாம் தயார். இரண்டு எமர்ஜென்சி விளக்குகள் எப்போதும் முழு சார்ஜில் இருக்கும். சார்ஜ் ஏற்றுவது தொழிற்பேட்டையில் அவர் ஸ்டோர்கீப்பராக இருக்கும் லேத் பட்டறையில். முதலாளிக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

அவருடைய ஒரே பைத்தியம் ஐந்நூறு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர் பார்த்து எழுத வருவார்கள் இல்லையா, அதற்குள் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டக் கூடாது. ஒன்றே ஒன்று கூடினாலும் கணக்கு மாறி பில் எகிறிவிடும். இது தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் பல் தேய்ப்பதற்கு முன்னால் போய் மீட்டர் பார்க்கிற ஆள் இவர் ஒருத்தர்தான்.

இந்தக் கோடையில் மனைவி வரலட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே ஒரு நாள் தீர்மானமாகச் சொன்னாள்.

"இதோ பாருங்க. இந்தத் தபா ஐநூறுக்குள்ள முடிச்சிட்டீங்கன்னா இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன். தாண்டிச்சின்னா சுவிட்ச் பொறுப்பு என்னுது. என்னக் கேக்காம ஒரு லைட்டத் தொடக்கூடாது."

"சரி," என்றார் லட்சுமணன், ரொம்பப் பெருந்தன்மையாக. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டு சுவிட்சுகளை ஆண்டு வருபவர் அவர். ஆட்சி கைமாறும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ரீடிங் எடுக்க வேண்டிய சனிக்கிழமை காலையில் நானூற்றுத் தொண்ணூற்றாறு. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. விசாரித்தால், வருகிறவர் மச்சினி கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம், திங்கட்கிழமைதான். கல்யாணம் பண்ண வேறு நாளே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? உடனே ஃபிரிட்ஜை அணைத்தார். பாலும் இட்லி மாவும் மாடிவீட்டு ஷாகிதாவின் ஃபிரிட்ஜுக்குக் குடிபோயின. அப்படியும் ஞாயிறு காலையில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவர் யோசிக்கவே இல்லை, போய் மெயினையே அணைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பார்த்து, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தங்கை நாகம்மாவும் அவள் புருஷன் தங்கராஜும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள்.

"இன்னா மச்சான், ஊடு இப்டி இருட்டா கீது?" என்றபடியே தங்கராஜ் ஸ்டூலில் முட்டிக்கொண்டார்.

"கரன்ட் இல்ல மாப்ள."

"மாடில ஃபேன் சுத்துதே?"

லட்சுமணன் வாயில் தானாக வந்தது. "எங்க ஃபேஸ் மட்டும் போச்சு."

இதைவிட சௌகரியமான பொய் மெட்ராஸில் கிடையாது. கம்பத்தில் வரும் மூன்று ஃபேஸில் ஒன்று போனால் பக்கத்து வீட்டில் எரியும், நம் வீட்டில் எரியாது, ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் கேட்டவர் தங்கராஜ். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அந்த ஆளுக்குச் சோறு இறங்காது.

"அட, இந்த ஏரியா லைன்மேன் உத்தமன் நம்ம பய, மச்சான். ஒரு போன் அடிச்சா வந்துகினே இருப்பான்."

"வேணாம் மாப்ள. ஞாயித்துக்கெழம, பாவம், அவரு கொழந்த குட்டியோட இருப்பாரு."

"நீ சும்மா இரு மச்சான்," என்று தங்கராஜ் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார்.

சமையலறையில் வரலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் எதிரில் புருஷனை விட்டுக்கொடுக்க முடியுமா? பஜ்ஜிக்குச் சட்னி அரைக்கலாம் என்று தேங்காயையும் மிளகாயையும் மிக்ஸியில் போட்டு, பழக்கதோஷத்தில் திருகிவிட்டாள். சுற்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். கூடத்தில் நாகம்மா ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்தாள், டிவியையும் சேர்த்து. எதையும் திரும்ப அணைக்கவில்லை. கரன்ட் இல்லாத வீட்டில் எந்த சுவிட்ச் எப்படி இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

உத்தமன் பொழுது சாயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கம்பத்தில் ஏறிப் பார்க்க வேண்டும், அதனால் பாதுகாப்புக்காகத் தெரு முழுக்க சப்ளையை நிறுத்தினார். எதிர்வரிசையில் யாரோ மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய வசவை எழுத முடியாது. லட்சுமணனுக்குக் காது கூசியது. அத்தனையும் தனக்கு வர வேண்டியது என்று அவருக்கு மட்டும்தானே தெரியும்.

ஷாகிதா படியில் தடவித் தடவி இறங்கி வந்தாள். "அண்ணே, லைட்டு எதுனா கீதா? மேல ஒண்ணுமே தெர்ல."

இருக்கிறதா என்றா கேட்டாள்? லட்சுமணன் இரண்டு எமர்ஜென்சி விளக்குகளையும் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். வெள்ளை வெளேரென்று வெளிச்சம். ஷாகிதா உட்கார்ந்தாள், அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், எதிர்வீட்டு மேட்ச் கோஷ்டியும் வந்தது. கூடம் நிறைந்துவிட்டது. "அண்ணன் ஊட்டப் பார்த்துக் கத்துக்கணும்" என்றாள் ஷாகிதா. லட்சுமணனுக்குக் குளிர்ந்துபோய்விட்டது. பொய், லைன்மேன், வசவு எல்லாவற்றையும் மறந்து, விளக்கை வாரம் ஒரு தரம் எப்படிச் சார்ஜ் போட வேண்டும், ரொக்கத்தை எப்படிப் பிரித்து வைக்க வேண்டும் என்று வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். தங்கராஜ்கூட வாயைப் பிளந்து கேட்டார்.

வகுப்பு நடுவில் இருக்கும்போது தெருவிளக்கு எரிந்தது. மாடியில் எரிந்தது. எதிர்வீட்டில் எரிந்தது. லட்சுமணன் வீட்டில் எரியவில்லை.

"இன்னாண்ணே, உங்களுக்கு மட்டும் வர்ல?" என்றாள் ஷாகிதா.

உத்தமன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "கம்பத்துல ஒரு கோளாறும் இல்ல சார். உள்ளதான் எதுனா இருக்கும்" என்று நேராக மெயின் பெட்டியைத் திறந்தார். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு லட்சுமணனைப் பார்த்தார்.

"சார், மெயின் ஆஃப்ல கீது."

அத்தனை கண்ணும் லட்சுமணன் மேல். பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று நினைத்தார்.

"நான்தாம்பா," என்றாள் வரலட்சுமி, சமையலறை வாசலிலிருந்து. "காலைல பொட்டியத் தொடச்சேன். கை பட்டிருக்கும். அவருக்கு இன்னா தெரியும், பாவம்."

"இன்னா அண்ணி நீங்க," என்று நாகம்மா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும், பொம்பளைங்க கையில பொட்டிய விட்டா இப்படித்தான் என்று ஏதோ முனகினார். வரலட்சுமி அதையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

உத்தமன் மெயினைப் போட்டார். அவ்வளவுதான். எல்லா விளக்கும் எரிந்தது, எல்லா ஃபேனும் சுற்றியது, டிவி அலறியது, மூடியில்லாத மிக்ஸி உயிர்பெற்று மொத்தச் சட்னியையும் கூரைக்கு அனுப்பியது. பாதி கூரையில் தங்கியது, மீதி வரலட்சுமி தலையில் இறங்கியது. அவள் அசரவில்லை. தலையிலிருந்த தேங்காயைத் துடைத்துக்கொண்டே போய், துணி போர்த்தி வைத்திருந்த படுக்கையறை ஏசியைப் போட்டாள்.

"எல்லாரும் வேர்த்துப்போய் கீறீங்க. உள்ள வந்து உக்காருங்க. பஜ்ஜி போடறேன்."

லட்சுமணனால் ஒரு வார்த்தை பேச முடியுமா? அந்த வீட்டில் அன்று வாய் திறக்கிற யோக்கியதை இல்லாத ஒரே ஆள் அவர்தான். அத்தனை பேரும் ஏசியில் பஜ்ஜி தின்றார்கள். தங்கராஜ் கதவைத் திறந்து திறந்து விட்டுச் சட்னி கேட்டார்.

திங்கட்கிழமை காலையில் ரீடிங் எடுப்பவர் நெற்றியில் கல்யாணச் சந்தனத்தோடு வந்தார். "ஐநூத்தி அஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லட்சுமணன் உள்ளே வந்தார். வரலட்சுமி புழுக்கத்தில் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிச்சயம் காதில் விழுந்திருக்கும். ஆனால் ஜெயித்த முகம் காட்டவில்லை. அவள் காதோரத்தில் இன்னும் ஒரு தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. லட்சுமணன் சுவிட்ச் போர்டுவரை போனார். கையைத் தூக்கினார், அப்படியே நிறுத்தினார்.

"ஃபேன் போடட்டுமா?" என்று கேட்டார்.

வரலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "போடுங்க."

"எதுல வெக்கட்டும்?"

"அஞ்சுல வெச்சிட்டு, இங்க வந்து உக்காருங்க."